பேட்டரி பெரிதானால் பெட்ரோல் மிச்சமாகுமா?

ஐரோப்பாவில் 2021இல் பதிவான பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் சான்றிதழ்களைச் சேர்த்துப் பார்த்தால், நூறு கிலோமீட்டர் ஓட அவற்றுக்குச் சராசரியாக 1.69 லிட்டர் எரிபொருள் போதும். நமக்குப் பழகிய கணக்கில் லிட்டருக்கு 59 கிலோமீட்டர். அதே கார்கள் சாலையில் உண்மையில் செலவிட்டது 5.94 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண்கள் இவை. கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளிலிருந்து திரட்டப்பட்டவை. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களிலும் சான்றிதழுக்கும் சாலைக்கும் இடைவெளி உண்டு. ஆனால் அது சுமார் இருபது சதவீதம். இங்கே மூன்றரை மடங்கு.

இந்த இடைவெளிக்குப் பரிகாரமாக இப்போது அதிகம் பேசப்படுவது பெரிய பேட்டரி. 2012இல் வந்த டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் காரில் 4.4 கிலோவாட் மணி பேட்டரி இருந்தது. அதன் வாரிசான 2023ஆம் ஆண்டு பிரியஸ் பிரைமில் 13.6. மெர்சிடிஸ் ஜிஎல்சி காரின் பிளக்-இன் வகையில் 31.2. சீனாவின் லி ஆட்டோ எல்9 2022இல் வந்தபோது அதில் 44.5. கிலோவாட் மணி என்றால் வேறொன்றுமில்லை; வீட்டு மின்கட்டண ரசீதில் நாம் 'யூனிட்' என்று படிப்பதுதான். இனி அப்படியே சொல்வோம்.

பேட்டரி பெரிதானால் பெட்ரோல் செலவு குறையுமா? குறையும். ஆனால் எந்த வழியில் குறைகிறது, எந்த இடத்தில் குறையாமல் நின்றுவிடுகிறது என்பதைப் படிப்படியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இந்தியச் சாலைகளில் ஹைபிரிட் என்று நாம் பார்க்கும் இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றைச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய முடியாது. அவற்றின் சிறிய பேட்டரி, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலையும் எஞ்சினின் மிகுதி ஆற்றலையும் சேமித்து, பிறகு மோட்டாருக்குத் தரும். அந்தக் காரை ஓட்டும் ஆற்றல் முழுவதும் கடைசியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது. பிளக்-இன் ஹைபிரிட் இந்த ஏற்பாட்டோடு ஒரு சார்ஜ் வாயையும் சேர்த்துக்கொள்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் உள்ளே வரலாம். ஆகவே இந்தக் காருக்கு இரண்டு உணவுகள்: மின்சாரம் ஒன்று, பெட்ரோல் ஒன்று.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பயன்படுத்தத்தக்க 20 யூனிட் கொண்ட பேட்டரி என்பது, அந்தக் கணக்கில், இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் மட்டுமே. அந்தப் பெட்ரோலின் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. பேட்டரியின் எடையோ நூறு கிலோவுக்கு மேல். ஆனாலும் அந்த 20 யூனிட்டில் ஒரு நடுத்தரக் கார் நூறு கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறது. மின் மோட்டார் தனக்குக் கிடைப்பதில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்கு அனுப்புவதுதான் காரணம். மிகச் சிறந்த பெட்ரோல் எஞ்சின்கூட, தனக்கு உகந்த வேகத்திலும் சுமையிலும் ஓடும்போதுதான் நாற்பது சதவீதத்தைத் தாண்டும். நின்று நின்று நகரும் நகர நெரிசலில் அதில் பாதி கிடைத்தால் அதிகம்.

பெரிய பேட்டரி எஞ்சினின் திறனையும் கூட்டிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. பிரேக் ஆற்றலைச் சேமிக்கும் வேலைக்கு, சமதளச் சாலையில், ஒரு யூனிட் அளவுள்ள பேட்டரியே பெரும்பாலும் போதுமானது. ஹைபிரிட் கார்கள் அந்த அளவிலேயே நன்றாக ஓடுகின்றன. அதற்கு மேல் பேட்டரியைப் பெரிதாக்குவதால் பிரேக்கிலிருந்து கிடைப்பது பெரிதாக உயராது. மலைப்பாதை ஒரு விதிவிலக்கு. ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றிலிருந்து இரண்டு டன் கார் 1,800 மீட்டர் உயரம் இறங்கினால், விடுபடும் ஆற்றல் பத்து யூனிட்டை நெருங்கும். காற்றுத்தடையும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மீதியைச் சேமிக்கச் சின்ன பேட்டரியில் இடம் இராது. ஆனால் தினமும் கணவாய் இறங்குகிறவர்கள் குறைவு.

ஆகவே பெரிய பேட்டரி செய்யும் முக்கியமான வேலை ஒன்றுதான். காரின் மொத்த ஓட்டத்தில் மின்சாரத்தில் ஓடும் கிலோமீட்டர்களின் விகிதத்தை உயர்த்துகிறது. இந்த விகிதத்தை மின் ஓட்டப் பங்கு என்று அழைப்போம். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே இந்தப் பங்கைச் சுற்றியே நகரும்.

ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம் போய்வர நாளுக்கு 40 கிலோமீட்டர். வார இறுதியில் ஒரே மூச்சில் 300 கிலோமீட்டர் வெளியூர்ப் பயணம். ஆக வாரத்துக்கு 500 கிலோமீட்டர். சார்ஜ் தீர்ந்தபின் கார் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் பெட்ரோல் கேட்கும். ஒவ்வோர் இரவும் தவறாமல் சார்ஜ் செய்யப்படுகிறது.

பேட்டரி 20 கிலோமீட்டருக்கு மட்டும் தாங்கினால், அலுவலக ஓட்டத்தில் பாதியும் வெளியூர்ப் பயணத்தில் 280 கிலோமீட்டரும் எஞ்சின் பொறுப்பு. வாரத்துக்கு 22.8 லிட்டர். பேட்டரி 60 கிலோமீட்டர் தாங்கினால் அலுவலக நாட்களில் எஞ்சின் விழிக்கவே வேண்டாம். வெளியூருக்கு 240 கிலோமீட்டர் மட்டும், செலவு 14.4 லிட்டர். இப்போது பேட்டரியை இரட்டிப்பாக்கி 120 கிலோமீட்டர் ஆக்குவோம். கூடுதல் எடையால் எஞ்சின் செலவு ஐந்து சதவீதம் ஏறுவதாகவும் வைப்போம். வெளியூருக்கு 180 கிலோமீட்டர் பெட்ரோலில், செலவு 11.3 லிட்டர்.

முதல் 40 கிலோமீட்டர் கூடுதல் 8.4 லிட்டரை மிச்சப்படுத்தியது. அடுத்த 60 கிலோமீட்டர் கூடுதல் 3.1 லிட்டரை மட்டுமே மிச்சப்படுத்தியது. முதலில் சேர்த்த பேட்டரி தினமும் உழைக்கிறது. பிறகு சேர்த்தது வாரத்தில் ஒருநாள் மட்டும் உழைத்து, மற்ற நாட்களில் சும்மா சுமக்கப்படுகிறது. அன்றாட ஓட்டத்தை மூடும் அளவு வரை பேட்டரிக்கு மதிப்பு அதிகம். அதைத் தாண்டினால் மதிப்பு வேகமாகச் சரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஒழுக்கமான ஓட்டுநரை நம்பி எழுதப்பட்டது. அவர் ஞாயிறு இரவும் புதன் இரவும் மட்டுமே சார்ஜ் செய்கிறார் என்று வைப்போம். 60 கிலோமீட்டர் பேட்டரி செவ்வாய் காலையோடு தீர்ந்துவிடும். புதன் இரவுச் சார்ஜும் அப்படியே வெள்ளி காலையோடு தீரும். ஐந்து அலுவலக நாட்களில் 80 கிலோமீட்டர் எஞ்சின் தலையில் விழும். 120 கிலோமீட்டர் பேட்டரியோ ஞாயிறு இரவுச் சார்ஜில் புதன் மாலை வரை தாக்குப்பிடிக்கும். பிறகு புதன் இரவுச் சார்ஜ் வெள்ளி வரை போதும். அலுவலக நாட்களில் எஞ்சின் ஓடவே ஓடாது. பெரிய பேட்டரியின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போதாவது மறந்துவிடுகிறவரை அது காப்பாற்றுகிறது. சார்ஜே செய்யாதவரை மட்டும் எந்தப் பேட்டரியாலும் காப்பாற்ற முடியாது. அவருக்குச் சின்ன பேட்டரிக் கார் வாரம் 30 லிட்டர் கேட்டால், பெரிய பேட்டரிக் கார் 31.5 லிட்டர் கேட்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 60 கிலோமீட்டர் பேட்டரியோடு, ஒவ்வோர் இரவும் சார்ஜ் செய்து, வாரம் 14.4 லிட்டர் என்பது நூறு கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர் என்று வரும். பார்க்க அழகான எண். ஆனால் அந்த வாரம் மின்சாரத்தில் ஓடிய 260 கிலோமீட்டருக்குச் சுமார் 52 யூனிட் செலவாகியிருக்கிறது. லிட்டர் கணக்கு அதைக் காட்டாது. சார்ஜ் தீர்ந்தபின் கார் எவ்வளவு குடிக்கும் என்பதையும் காட்டாது. இரண்டு உணவுகளில் ஒன்றை மட்டும் எழுதிய கணக்கு அது.

சான்றிதழ் எண் ஏன் அவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு இப்போது வரலாம். ஆய்வகத்தில் காரை இருமுறை ஓட்டுகிறார்கள்: பேட்டரி நிரம்பிய நிலையில் ஒருமுறை, வற்றிய நிலையில் ஒருமுறை. இரண்டு அளவுகளும் ஓரளவு நேர்மையானவையே. சிக்கல் அவற்றைக் கலப்பதில் இருக்கிறது. கலக்க மின் ஓட்டப் பங்கு தேவை. அதை ஆய்வகத்தில் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

ஐரோப்பாவின் பழைய விதியில் அந்த ஊகம் எளிமையானது. ஒரு சார்ஜுக்கும் மறு சார்ஜுக்கும் இடையே, பேட்டரி தீர்ந்தபின், எல்லோரும் 25 கிலோமீட்டர் ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். பேட்டரி 50 கிலோமீட்டர் தாங்கினால் மின் ஓட்டப் பங்கு மூன்றில் இரண்டு. 100 தாங்கினால் ஐந்தில் நான்கு. அதன்பின் 2017இல் வந்த டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனை முறை, இந்த ஊகத்தை ஒரு வளைகோடாக மாற்றியது. அந்த வளைகோட்டின்படி 60 கிலோமீட்டர் தாங்கும் காருக்குப் பங்கு சுமார் 80 சதவீதம். ஏறக்குறைய எல்லோரும் எல்லா நாளும் சார்ஜ் செய்வார்கள் என்ற நம்பிக்கை அதில் பொதிந்திருந்தது.

சாலை வேறு கதை சொன்னது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனமும் சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேசக் குழுவும் 2022இல் ஐரோப்பாவின் சுமார் 9,000 கார்களின் தரவைப் பார்த்தன. தனியார் கார்களில் மின் ஓட்டப் பங்கு 45 முதல் 49 சதவீதம். நிறுவனங்கள் ஊழியருக்குத் தரும் கார்களில் 11 முதல் 15 சதவீதம். எரிபொருள் செலவும் அதற்கேற்பப் பிரிந்தது: தனியாருக்கு நூறு கிலோமீட்டருக்கு 4.0 முதல் 4.4 லிட்டர், நிறுவனக் கார்களுக்கு 7.6 முதல் 8.4 லிட்டர்.

நிறுவனக் கார் ஓட்டுநர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பல நிறுவனங்கள் ஊழியருக்கு எரிபொருள் அட்டை தருகின்றன. பெட்ரோல் போட்டால் முதலாளி கணக்கு. வீட்டில் சார்ஜ் செய்தால் மின்கட்டணம் ஊழியர் கணக்கு. அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் மின்செருகியே இல்லாமலும் இருக்கலாம். மேலும் இவர்கள் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள். வரிச்சலுகை காரணமாக வாங்கப்பட்ட கார், அதற்கு ஏற்ற வாழ்க்கை இல்லாதவர் கையில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

ஐரோப்பா இப்போது அந்த வளைகோட்டைத் திருத்திவருகிறது. 2025 ஜனவரி முதல் புதிய வகைக் கார்களுக்கும், 2026 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் ஒரு திருத்தம். 2027இலும் 2028இலும் அதே வரிசையில் இன்னொன்று. சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால், 60 கிலோமீட்டர் காரின் மின் ஓட்டப் பங்கு 80 சதவீதத்திலிருந்து முதலில் சுமார் 50க்கும், பிறகு சுமார் 30க்கும் இறங்குகிறது. காரில் ஓர் ஆணிகூட மாறாது. ஆனால் சான்றிதழில் அதன் கார்பன் டை ஆக்சைடு அளவு பன்மடங்காகும்.

பெரிய பேட்டரிக்கு ஏன் திடீர் மவுசு என்பதும் இந்தச் சூத்திரத்திலேயே தெரிகிறது. பழைய வளைகோட்டில் 60 கிலோமீட்டரை 120 ஆக்கினால் பங்கு 80இலிருந்து சுமார் 93 ஆகும். அதிகம் கிடைக்காது. 2027இன் வளைகோட்டில் அதே இரட்டிப்பு, பங்கை 30இலிருந்து 50க்கு உயர்த்தும். சான்றிதழில் நல்ல எண்ணைத் தக்கவைக்க விரும்பும் உற்பத்தியாளருக்கு இதைவிட வலுவான தூண்டுதல் இருக்க முடியாது. வரிகளும் அதே திசையில் தள்ளுகின்றன. ஜெர்மனியில் நிறுவனக் காருக்கான வரிச்சலுகை பெற மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடினால் போதும் என்ற நிபந்தனை, 2025 முதல் 80 ஆயிற்று. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற நடுத்தரக் காரின் பிளக்-இன் வகையிலேயே, பயன்படுத்தத்தக்க பேட்டரி 19.7 யூனிட்டுக்கு வந்துவிட்டது.

இனி எடை. ஒரே உடலில் இரண்டு வகைகளும் கிடைக்கும் காரைப் பார்த்தால் இது விளங்கும். 2023ஆம் ஆண்டு பிரியஸில் பிளக் இல்லாத வகையும் உண்டு, பிளக்-இன் வகையான பிரைமும் உண்டு. எஞ்சின் அதே இரண்டு லிட்டர். முதல் வகையின் பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு, பிரைமில் 13.6 யூனிட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனையில் பிளக் இல்லாத பிரியஸ் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் தருகிறது. சார்ஜ் தீர்ந்த பிரைம் 22 தருகிறது. பெரும்பாலும் எடை கேட்கும் விலை இது. ஆனால் பிரைம், சார்ஜ் இருக்கும்போது 71 கிலோமீட்டர் பெட்ரோலே இல்லாமல் ஓடும். சார்ஜ் செய்கிறவருக்கு இது மிக மலிவான விலை. செய்யாதவருக்கு வீண்செலவு.

எடை தவிர்க்க முடியாத தண்டனையும் அல்ல. அமெரிக்காவில் 2010 இறுதியில் வந்த செவ்ரலே வோல்ட் காரில் 16 யூனிட் பேட்டரி. எடை 198 கிலோ. இரண்டாம் தலைமுறையில் பேட்டரி 18.4 யூனிட் ஆயிற்று, எடை 183 கிலோவாகக் குறைந்தது. மின்சார ஓட்டம் 56 கிலோமீட்டரிலிருந்து 85க்கு உயர்ந்தது. பெட்ரோலில் ஓடும்போதும் முன்னைவிடக் குறைவாகக் குடித்தது. மின்கலத்தின் வேதியியலும் எஞ்சினும் சேர்ந்து முன்னேறினால், பெரிய பேட்டரி பெட்ரோல் ஓட்டத்துக்குச் சுமையாகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

வோல்ட் இன்னொரு பாடத்தையும் தருகிறது. அதன் மோட்டார் தனியாகவே காரை முழு வேகத்தில் ஓட்டப் போதுமானது. ஆகவே கடுங்குளிர் போன்ற சில நிலைகள் தவிர, சார்ஜ் தீரும்வரை எஞ்சின் தலையிடாது. 2012ஆம் ஆண்டு பிரியஸ் பிளக்-இன் அப்படியல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் தொடங்கிவிடும். இன்றைய பல கார்களிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், ஏற்றம் ஏறினால், குளிரில் ஹீட்டர் கேட்டால் எஞ்சின் விழித்துக்கொள்கிறது. அப்போது பேட்டரி எவ்வளவு பெரியது என்பதற்குப் பொருளில்லை. மோட்டார் எவ்வளவு வலியது என்பதே கேள்வி. கலிஃபோர்னியா தன் விதிகளில் இதைக் கவனித்திருக்கிறது. 2026 முதலான மாதிரிகளில் பிளக்-இன் கார் புகையற்ற கார்களின் கணக்கில் முழுமையாகச் சேர வேண்டுமானால், மின்சார ஓட்டத்தின் மொத்தத் தூரத்தோடு, வேகமும் முடுக்கமும் மிகுந்த ஒரு சோதனையிலும் 40 மைல் மின்சாரத்திலேயே ஓடிக்காட்ட வேண்டும் என்று எழுதியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஐரோப்பாவிலிருந்து 2025இல் வந்த ஒரு முடிவு புரியும். டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற அமைப்பு, 2023இல் பதிவான கார்களின் அளவித் தரவை ஆராய்ந்தது. சான்றிதழுக்கும் சாலைக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகியிருந்தது. அதோடு, மின்சாரத்தில் 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய கார்கள், 45 முதல் 75 வரை ஓடக்கூடியவற்றைவிடச் சராசரியாக அதிகக் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. பேட்டரி பெரிது, ஆனால் புகையும் கூடுதல். முரணாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெரிய பேட்டரிகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது சின்னக் கார்களுக்கு அல்ல. கனமான, வலிய எஞ்சின் கொண்ட பெரிய எஸ்யூவிகளுக்கு. சார்ஜ் தீர்ந்தபின் அவை குடிப்பது அதிகம். பேட்டரி தந்த மிச்சத்தை உடலின் கனம் தின்றுவிட்டது. இது பேட்டரியின் குற்றமல்ல. அது எந்தக் காரில் வைக்கப்படுகிறது என்பதன் விளைவு.

வாங்குகிறவருக்கு இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது என்ன? ஒற்றைக் கலவை எண்ணை ஒதுக்கிவிட்டு இரண்டு எண்களைக் கேட்க வேண்டும்: சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், சார்ஜ் தீர்ந்தபின் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். அமெரிக்காவில் காரில் ஒட்டப்படும் அட்டை தொடக்கத்திலிருந்தே இவற்றைத் தனித்தனியே சொல்கிறது. ஜெர்மனியும் 2024 முதல், பேட்டரி தீர்ந்த நிலையின் செலவைத் தனியே குறிப்பிடக் கட்டாயப்படுத்துகிறது. முதல் எண் தன் அன்றாட ஓட்டத்தைவிடச் சற்றே அதிகமாக இருந்தால் போதும். அதன் இருமடங்கைத் தேடிப் போவதற்கு, வீட்டில் தினமும் சார்ஜ் செய்ய முடியாத நிலை ஒன்றே நல்ல காரணமாகத் தெரிகிறது.

அரசுகளின் வேலை இதைவிடச் சற்றுக் கடினம். பேட்டரியின் அளவுக்குச் சலுகை தந்தால் பெரிய பேட்டரி வரும். அது செருகப்படும் என்பதற்கு உறுதியில்லை. 2021 முதல் ஐரோப்பாவில் விற்பனையாகும், பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் ஒவ்வொரு புதிய காரிலும் எரிபொருள் அளவி இருக்கிறது. பிளக்-இன் கார்களில் அது மின்சாரத்தில் ஓடிய தூரத்தையும் தனியே குறித்துக்கொள்கிறது. நிறுவனக் கார்களுக்கான வரிச்சலுகையையாவது அந்த அளவி காட்டும் பங்கோடு இணைக்க முடியும். எரிபொருள் அட்டையைப் போலவே வீட்டுச் சார்ஜ் செலவையும் முதலாளி ஏற்க வேண்டும் என்ற விதியும் அதோடு வர வேண்டும். இல்லையென்றால் சுமை முழுவதும் ஊழியர் தலையில் விழும்.